நாலு கட்டமும் இருபத்திரண்டு கார்டும்

திட்டப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் போன மாதம் எனக்கு ஒரு தாள் அனுப்பியிருந்தார். பெயரைச் சொல்ல மாட்டேன், பயப்பட வேண்டாம். புதுத் திட்டத்தின் பலம், பலவீனம், வாய்ப்பு, ஆபத்தைப் பட்டியல் போடும் ஸ்வாட் ஆய்வு. நாலு கட்டம், நாலு நிறம், பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. பலம் என்ற பச்சைக் கட்டத்தில் முதல் வரி: 'அனுபவமும் விசுவாசமும் மிக்க பணியாளர்கள்.' அதைப் படித்ததும் சிரிப்பு வந்தது. இதே வரியை நானும் ஒரு காலத்தில் எழுதியிருக்கிறேன். அதனால் பட்ட பாட்டைச் சொல்லாமல் 'தாள் நன்றாக இருக்கிறது' என்று பதில் அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

ஆய்வை எப்படிச் செய்வது என்று நான் சொல்லித்தரப் போவதில்லை. அதற்கு உங்களிடம் புத்தகமும் பயிற்சி வகுப்பும் இருக்கின்றன. நான் சொல்லப்போவது எனக்கு மூக்கு உடைந்த கதை.

தொண்ணூறுகளின் தொடக்கம். சென்னையில், பாடி என்ற இடத்தில் ஒரு சின்ன ரப்பர் கம்பெனி. வண்டிகளுக்குப் போடும் ரப்பர் புஷ், வாஷர், சீல் எல்லாம் செய்துகொண்டிருந்தோம். அங்கே திட்டப் பிரிவு என்று ஒரு பலகை மாட்டியிருக்கும். பிரிவு என்றால் ஒரு மேசை, ஒரு கால்குலேட்டர், டிப்ளமோ முடித்த ஸ்டெல்லா என்கிற நான். அவ்வளவுதான். பட்டாபிராமில் ரயில் ஏறி, கொரட்டூரில் இறங்கி, பஸ் கிடைத்தால் பஸ், இல்லாவிட்டால் நடை. முப்பது வயசு. எல்லாம் எனக்குத் தெரியும் என்ற நினைப்பு தலை நிறைய இருந்தது.

எங்கள் வேலையில் இரண்டு பாதி. முதல் பாதி, ரப்பரை அச்சில் வைத்துச் சூட்டில் அழுத்தி எடுப்பது. அதை ஆண்கள் செய்தார்கள். அச்சிலிருந்து வரும் உருப்படியின் ஓரமெல்லாம் மெல்லிசாய்ப் பிசிறு ஒட்டியிருக்கும். உருப்படியில் கீறல் விழாமல் அந்தப் பிசிறைப் பிளேடால் சீவி எடுப்பது இரண்டாவது பாதி. அதற்கு ட்ரிம்மிங் என்று பெயர். அதைச் செய்தவர்கள் இருபத்திரண்டு பெண்கள். கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். நான் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தேன். பத்து உருப்படியில் ஏழைக் கெடுத்தேன், கட்டைவிரலையும் கெடுத்துக்கொண்டேன். கை படிய ஆறு மாதமாவது ஆகும்.

அந்தச் சமயத்தில்தான் எங்களுக்கு ஆர்டர் கொடுக்கும் வண்டிக் கம்பெனி ஒரு புது மாடல் கொண்டுவந்தது. இரண்டு மடங்கு சரக்கு கேட்டார்கள். பாடி ஷெட்டில் இனி ஒரு ஸ்டூல் போடக்கூட இடமில்லை. முதலாளி ஊருக்கு வெளியே, வேப்பம்பட்டில் ஒரு இடத்தைப் பேசி முடித்தார். மொத்தக் கம்பெனியையும் அங்கே மாற்றிவிடுவது என்று திட்டம். அதே மாதம் அவர் ஏதோ ஒரு ஓட்டலில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்வந்தார். திரும்பி வரும்போது கையில் இந்த நாலு கட்டம்.

"பலம், பலவீனம், வாய்ப்பு, ஆபத்து. எல்லாத்தையும் மனசுவிட்டுச் சொல்லுங்க. ஸ்டெல்லா எழுதிக்கட்டும்" என்று எங்கள் ஆறு பேரை உட்காரவைத்தார்.

பலத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆளுக்கு நாலு சொன்னார்கள். பலவீனம் என்றதும் ஆறு பேரும் ஃபேனைப் பார்த்தோம். ஏன் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நம் ஊரில் எந்தக் குறைக்கும் ஒரு முகம் உண்டு. பாய்லர் ஒழுகுகிறது என்றால் மெயின்டனன்ஸ்காரரைப் போட்டுக்கொடுத்ததாக ஆகும். சரக்கு தாமதம் என்றால் ஸ்டோர்ஸ்காரர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேச மாட்டார். கடைசியில் மெயின்டனன்ஸ்காரரே தொண்டையைச் செருமிக்கொண்டு, "கொசு சார்" என்றார். எல்லாருக்கும் உயிர் வந்தது. 'கொசுத்தொல்லை, உப்புத் தண்ணீர்' என்று எழுதினேன். இருபது வருஷம் ஓடப்போகும் கம்பெனிக்கு இரண்டே பலவீனம்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதலாளி காரில் இடத்தைப் பார்க்கப் போனோம். முதலாளியம்மா புளியோதரை கட்டிக் கொடுத்திருந்தார்கள். சாலை காலி. நாற்பது நிமிஷத்தில் போய்விட்டோம். சாப்பிட்டு, நிழலில் சாய்ந்து, அந்தக் காற்றை அனுபவித்துவிட்டு, 'ரயில் நிலையம் அருகில், போக்குவரத்து எளிது' என்று வாய்ப்புக் கட்டத்தில் எழுதினேன். ஏட்டுச் சுரைக்காய் என்பார்களே, நான் புளியோதரை தின்றுகொண்டே எழுதிய சுரைக்காய் அது.

வண்டிக் கம்பெனியின் அதிகாரி வந்து எங்கள் திட்டத்தைப் பார்ப்பதாக நாள் குறித்தார். அவர் தலையாட்டினால்தான் புது ஆர்டர். அதற்கு மூன்று நாள் முன்பு, புது ஷெட்டில் மேசைகளை எப்படிப் போடுவது என்று கேட்க ட்ரிம்மிங் பக்கம் போனேன். அங்கே தேசம்மாதான் எல்லாருக்கும் மூத்த கை. என்னைவிட இரண்டு வயது சின்னவள். வாய் மட்டும் என்னைவிடப் பெரிசு. எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். நான் விரித்த தாள்களில் அவள் கண்ணில் பட்டது மேசைப் படம் இல்லை.

"இன்னாக்கா இது, தாயக்கட்டம் கணக்கா கீது?"

நான் பெருமையாக விளக்கினேன். நல்லது ஒரு பக்கம், கெட்டது ஒரு பக்கம், வரப்போகிற நல்லது, வரப்போகிற கெட்டது. பிளேடை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்கள எதுல போட்டுகீற?"

"பலத்துல. முதல் வரியே நீங்கதான்."

மேசை முழுக்கச் சிரிப்பு. ஒருத்தி எழுந்து நின்று கும்பிடு போட்டாள். தேசம்மாவும் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, சாதாரணமாகக் கேட்டாள்.

"நாங்க வேப்பம்பட்டுக்கு வரோம்னு யாருக்கா சொன்னது?"

யாருமே சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. இயந்திரம் போனால் ஆளும் கூடப் போகும் என்று நாங்கள் ஆறு பேரும் நினைத்துவிட்டோம்.

"ஏன், வர மாட்டீங்களா? ரயில்ல நாப்பது நிமிஷம்தானே?"

"ரயிலு இல்லக்கா. தண்ணி."

பிறகுதான் மெதுவாகச் சொன்னாள். அந்த இருபத்திரண்டு பேரும் கம்பெனிக்குப் பின்னால் இருக்கும் இரண்டே தெருவில் குடியிருந்தார்கள். அங்கே குழாயில் தண்ணீர் வராது. லாரிதான். அதுவும் காலை பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில் வரும். வரிசையில் குடத்தோடு ஆள் நிற்க வேண்டும். ஆள் இல்லாத குடத்தை எட்டி உதைத்துவிட்டுப் போவார்கள். அதனால் இவர்கள் முறை வைத்திருந்தார்கள். தினம் இரண்டு பேர் பின்கேட் வழியாக நழுவிப்போய், இருபத்திரண்டு வீட்டுக் குடங்களுக்கும் காவல் நின்று, பிடித்து, வீட்டு வாசலில் இறக்கி வைத்துவிட்டு வருவார்கள். அந்த இரண்டு பேர் மேசைமேல் குவியும் உருப்படிகளை மற்ற இருபது பேரும் பங்கு போட்டுச் சீவி முடிப்பார்கள்.

"நாலு வருசமா நடக்குது. ஒரு நாளு கணக்கு கொறஞ்சிருக்கா, நீயே சொல்லு."

குறைந்ததில்லை. நான் தினமும் காலை பத்தரைக்குப் போய் இருபத்திரண்டு என்று குறித்துக்கொண்டு வருவேன். ராக்கில் செருகியிருக்கும் வருகைக் கார்டைத்தான் எண்ணியிருக்கிறேன், தலையை எண்ணவில்லை. என் வீட்டில் கிணறு இருந்தது. ஒரு நாளும் குடத்தோடு தெருவில் நின்றதில்லை. தண்ணீர் என்று ஒன்று ஒரு கம்பெனியை நிறுத்தும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"வேப்பம்பட்டுலேர்ந்து பத்து மணிக்கு எப்படிக்கா ஓடியாறது? வேலைய வுட்டா வேற வேல தேடிக்கலாம். தண்ணிய வுட்டா ஊட்ல இன்னா பண்றது?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இத மொதலாளியாண்ட சொல்லிடாதக்கா. கார்டு இருவத்திரெண்டு, ஆளு இருவதுன்னா அவரு திருட்டுன்னுதான் சொல்லுவாரு. எல்லாத்தியும் தொரத்திடுவாரு."

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு என் மேசைக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் எதில் மாட்டியிருக்கிறேன் என்று புரிந்தது. பெண்கள் வருவார்கள் என்று நான் தலையாட்டினால் ஆர்டர் வரும், ஷெட் எழும்பும், ட்ரிம்மிங்குக்குக் கை இருக்காது. புது ஆட்கள் சீவும் சரக்கெல்லாம் திரும்பி வந்து கம்பெனியே முழுகிவிடும். வர மாட்டார்கள் என்று காரணத்தோடு சொன்னால் இருபத்திரண்டு பேர் வேலை போகும். நான்தான் போட்டுக்கொடுத்தவள். முதலாளியிடம் தனியாகப் பேசலாம் என்று இரண்டு தரம் அவர் அறை வரைக்கும் போனேன். இரண்டு தரமும் வேறு ஏதோ கேட்டுவிட்டு வந்தேன். அந்தக் கோழைத்தனத்துக்கு இன்றைக்கும் எனக்கு வெட்கம் உண்டு. உங்களுக்கு இப்படி ஒன்று வந்தால் இரண்டாவது தரம் திரும்பி வராதீர்கள்.

அந்த நாள் வந்தது. அதிகாரி ஒல்லியான மனிதர், அதிகம் பேச மாட்டார். முதலாளி எங்கள் நாலு கட்டத் தாளைச் சுவரில் ஒட்டிவைத்துப் பத்து நிமிஷம் பேசினார். அதிகாரி எழுந்துபோய் அருகில் நின்று படித்தார். கொசுத்தொல்லையைப் படிக்கும்போது அவர் உதடு லேசாக அசைந்தது. பிறகு பலம் என்ற மேல் கட்டத்தில் விரலை வைத்தார்.

"அனுபவமிக்க பணியாளர்கள். இவங்கள்ல எத்தனை பேர் புது இடத்துக்கு வர்றாங்க?"

"எல்லாரும் சார். நம்ம வீட்டுப் பிள்ளைங்க மாதிரி. ஸ்டெல்லா, நீயே சொல்லும்மா" என்று முதலாளி என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் என்னை முழுசாக நம்பினார். அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

"ட்ரிம்மிங்ல ஒருத்தரும் வர மாட்டாங்க சார்" என்றேன்.

முதலாளியின் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுபோனது.

"ஏன்?" என்றார் அதிகாரி.

"காரணம் எனக்குத் தெரியும் சார். ஆனா அது அவங்க சொல்ல வேண்டியது. நான் சொல்லக் கூடாது."

"என்ன பேசறே நீ?" முதலாளியின் குரல் ஏறியது. "மூணு வாரமா இந்தத் தாளை வச்சிக்கிட்டு என்ன பண்ணே? யாரு வர மாட்டேன்னு சொன்னது?"

அவருக்குக் காது சிவந்துவிட்டது. கேட் பக்கம் குரல் கொடுத்து, "அந்தத் தேசம்மாவை வரச் சொல்லு" என்றார்.

அவள் வந்தாள். கையெல்லாம் ரப்பர்மேல் தூவும் வெள்ளைப் பொடி. வாசற்படியிலேயே நின்றாள். முதலில் முதலாளியைப் பார்த்தாள், புது மனிதரைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் என்றும் மறக்க மாட்டேன். சொல்லிவிட்டாயா என்று கேட்டது அது.

"நான் எதையும் சொல்லல தேசம்மா. நீங்க வர மாட்டீங்கன்னு மட்டும்தான் சொன்னேன்" என்றேன்.

கையிலிருந்த பொடியைத் தட்டிவிட்டாள். அவளும் வீட்டில் ஏதோ வேலை என்று சமாளித்திருக்கலாம். சமாளிக்கவில்லை.

"தெனம் ரெண்டு பேரு வேல நேரத்துல தண்ணி புடிக்கப் போறோம் சார்" என்று ஆரம்பித்து, லாரி, குடம், முறை, பின்கேட் என்று ஒன்றையும் விடாமல் சொன்னாள். "தப்புதான் சார். மொறை வச்சது நானு. அனுப்பறதுன்னா என்னிய மட்டும் அனுப்புங்க. மத்தவங்களுக்குப் புள்ளகுட்டி கீது." அவளுக்கும் இரண்டு பிள்ளைகள் இருந்தன.

முதலாளி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அதிகாரிதான் பேசினார்.

"அந்த ரெண்டு பேர் வேலையை யார் முடிக்கிறது?"

"நாங்க இருவது பேருந்தான் சார். மூணு மணி டீக்கு எழுந்திரிக்க மாட்டோம். ஒக்காந்தபடி குடிச்சிகினு சீவுவோம்."

அவர் தன் கோப்பைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நிறுத்தி, முதலாளி பக்கம் திருப்பிக் காட்டினார். "எங்களுக்குச் சரக்கு தர்றவங்கள்ல ரொம்பக் குறைவாத் திரும்பி வர்றது உங்க சரக்குதான். நான் உங்க மெஷினாலன்னு நினைச்சேன்." கோப்பை மூடினார். "அச்சு வேலையை எங்க வேணும்னாலும் கொண்டுபோங்க. இந்தக் கை சீவாத சரக்கை நான் எடுக்கறதா இல்லை."

முதலாளி கோபக்காரர். நான் அவரிடம் வாங்கிய வசவை எழுதினால் இந்தக் கட்டுரையே முடிந்துவிடும். ஆனால் அவர் கெட்டவர் இல்லை. அன்று அவருக்கு வந்தது கோபமா அவமானமா என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில், "பின்கேட் வழியா இனி யாரும் போகக் கூடாது" என்றார். தேசம்மா தலையைக் குனிந்தாள். "முன்கேட்ல வாட்ச்மேன்கிட்ட சொல்லிட்டுப் போங்க. ரெண்டு பேர். பதினொன்னரைக்குள்ள உள்ள இருக்கணும்."

அவளுக்கு உடனே புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. அழுகை வந்துவிடும் என்று தாள்களை அடுக்குகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

அந்த அறையிலேயே முடிவாயிற்று. அச்சு வேலை வேப்பம்பட்டுக்கு, ட்ரிம்மிங் பாடியில். உடனே எல்லாம் தேனாய் ஓடியது என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு ஷெட்டுக்கும் நடுவில் தினமும் டெம்போ ஓட வேண்டியிருந்தது. மழையில் அது வழியில் ஆவடியில் நின்றுவிட்டால் இரண்டு பக்கத்திலும் எனக்குத்தான் திட்டு. முதலாளி ஒரு வாரம் என் வணக்கத்துக்குப் பதில் வணக்கம் சொல்லவில்லை. ஆனால் சரக்கு திரும்பி வரவில்லை, ஒருத்திக்கும் வேலை போகவில்லை.

அன்றைக்கு அதிகாரி கிளம்பும்போது ஒன்று கேட்டார். "கோப்புல வைக்க எனக்குச் சரியான தாள் வேணும். இந்தக் கொசுவை எடுத்துட்டு வேற எழுதிக் கொடுங்க." முதலாளி என்னைப் பார்க்காமலே, "எழுதிக் கொடு" என்றார்.

நான் என் மேசைக்குப் போகவில்லை. நாலு கோடு போட்ட வெறும் தாளை எடுத்துக்கொண்டு மதியச் சாப்பாட்டு நேரத்தில் ட்ரிம்மிங் ஷெட்டுக்குப் போய், ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். தேசம்மாவுக்கு என்மேல் இன்னும் வருத்தம் இருந்தது. முன்பின் தெரியாத ஆள் முன்னால் அவளைச் சொல்லவைத்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டேன். "சரி வுடுக்கா" என்றாள். ஆனாலும் தட்டில் இருந்த கருவாட்டுத் துண்டை எனக்கு எடுத்து வைக்கவில்லை. மற்ற நாளாக இருந்தால் வைத்திருப்பாள்.

"உங்க குறையைச் சொல்லுங்க. இந்தத் தடவை கேட்டு எழுதறேன்" என்றேன்.

கடைசி மேசைக்காரி, ஃபேன் காற்று தன் பக்கம் வருவதே இல்லை என்றாள். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. ட்யூப் லைட் கண்ணை அடித்து அடித்து எரிகிறது. பிளேடு மத்தியானத்துக்குள் மழுங்கிவிடுகிறது, புதுசு கேட்டால் ஸ்டோரில் முறைக்கிறார்கள். பொடி தொண்டையில் இறங்கி ராத்திரியெல்லாம் இருமல். பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, ஒருத்தி போனால் ஒருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டியிருக்கிறது. ஸ்டூல் உயரம் சரியில்லை, இடுப்பு விட்டுப்போகிறது. அந்தத் தாழ்ப்பாளை நான் தினமும் கடந்து போயிருக்கிறேன். ஆபீஸ் பாத்ரூம் வேறு. பலவீனக் கட்டம் நிரம்பி, தாளின் பின்பக்கமும் நிரம்பியது. அவர்கள் சொல்லச் சொல்ல எனக்குக் கை வலித்தது.

மேல் கட்டம் காலியாக இருந்தது.

"பலம்னு என்ன எழுதறது?" என்று கேட்டேன். அதை நான் ஒருவரிடம் கேட்டது அதுதான் முதல் தடவை.

"மொதலாளி நல்லவருன்னு எழுதுக்கா" என்று ஒருத்தி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். தேசம்மா சிரிக்கவில்லை. தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு பிளேடை எடுத்தாள். சாப்பாட்டு மணி இன்னும் முடியவில்லை. அன்றைக்குத் தண்ணீருக்குப் போன இரண்டு பேரின் உருப்படிகள் மேசைமேல் குவிந்திருந்தன. அதில் ஒன்றை எடுத்துச் சீவிக்கொண்டே சொன்னாள்.

"இவ்ளோ கொறைய வச்சிகினு தெனம் கணக்க முடிக்கிறோமே. அத்த எழுதிக்கோ."

ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் அப்படியே எழுதிக் கொடுத்தேன்.